அயிரைக்கு ஓர் இல்லம்

தமிழ்நாட்டில், சிறப்பாக மதுரைப் பகுதியில், அயிரை என்றவுடன் பலர்க்கும் நினைவுக்கு வருவது மண்சட்டியில் கொதிக்கும் குழம்பே ஆகும். சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெறுவதைச் சொல்ல, அயிரையைத் தூண்டிலில் இட்டு வராலைப் பிடித்தல் என்னும் வழக்கும் தமிழில் உண்டு. இவ்வாறு குழம்பிலும் பழமொழியிலும் அறியப்பட்ட இம்மீன் உயிரோடு இருக்கும்போது எவ்வாறு வாழ்கிறது என்பதைக் கண்டவர் சிலரே. அது நீரின் அடியில், மணலுக்குள் மறைந்து வாழ்வதே அதற்குக் காரணம்.

அயிர் என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கு நுண்மணல் என்பது ஒரு பொருள். அயிரை என்னும் பெயரைக் கேட்கும்போதே மணலும் உடன் நினைவுக்கு வருகிறது. மீனையும் அதன் இடத்தையும் பிரிக்க இயலாது என்பதை இந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

அயிரைக்கு உறவான மீன்கள் இந்தியா முழுவதும் பரவியுள்ளன. லடாக்கின் குளிர்ந்த ஓடைகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவி நீரிலும் அவை வாழ்கின்றன. கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளைச் சேரும் ஓடைகளில் குன்டியா என்னும் இனம் உண்டு. கங்கை மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் அறிஞர் இம்மீனை விவரித்தார். அவர் இட்ட அப்பெயரே இன்றும் அதன் அறிவியல் பெயரில் நிற்கிறது. தமிழ்நாட்டு அயிரையும் இந்தக் குன்டியாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள் எனலாம். வட இந்திய நகரங்களில் வாழ்வோர் தம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்கு இது ஏற்ற மீன். பெரும்பாலும் ஒரு விரல் நீளமே இருக்கும். நீரைச் சூடேற்றும் கருவியும் இதற்குத் தேவையில்லை.

ஆயினும் கடையிலிருந்து மீனை வாங்கி, நீர் நிரப்பிய தொட்டியில் விட்டுவிட்டால் அது வாழ்ந்துவிடாது. ஓர் உயிரை இடம் பெயர்ப்பவர், அதன் இடத்தையும் உடன் கொண்டுவர வேண்டும். ஓடை முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஓடையில் அம்மீனுக்கு இன்றியமையாதவை எவை என்று அறிந்து, அவற்றை மட்டும் தொட்டிக்குள் அமைப்பதே மீன் வளர்ப்புக் கலை.

அடியில் வாழும் உடல்

எவை இன்றியமையாதவை என்பதை அயிரையின் உடலே சொல்லும். அதன் வாய் தலையின் கீழ்ப்புறம் அமைந்துள்ளது. மேலே மிதக்கும் இரையைப் பிடிக்க அவ்வாய் ஏற்றதன்று. மணலைக் கிளறி இரை தேடவே ஏற்றது. வாயைச் சுற்றி மெல்லிய மீசைகள் உள்ளன. இருளிலும் கலங்கிய நீரிலும் அம்மீசைகளால் தடவியும் சுவைத்தும் இரையை அறிகிறது. அதன் உடல் நீண்டும் உருண்டும் வழவழப்பாகவும் இருப்பதால் மணலுக்குள் எளிதில் நுழைகிறது. மேனியில் உள்ள புள்ளிகளும் கோடுகளும் மணலின் நிறத்தோடு கலந்து அதனை மறைக்கின்றன.

கண்ணின் கீழே ஒரு சிறு முள் மடங்கிக் கிடக்கும். பகை நெருங்கினால் அம்முள் நிமிர்ந்துவிடும். மற்றொரு வியப்பும் உண்டு. ஓடை வற்றி, நீரில் உயிர்வளி குறையும்போது இம்மீன் மேலே வந்து காற்றை விழுங்குகிறது. விழுங்கிய காற்றிலிருந்து குடலின் வழியே உயிர்வளியைப் பெற்றுக்கொள்கிறது. ஆனால் இஃது அவசர வழியேயன்றி அன்றாட வழியன்று. நல்ல நீரில் அது செவுள்களாலேயே மூச்சு விடுகிறது.

இவற்றிலிருந்து அயிரைக்கு வேண்டியவை நான்கு எனத் தெளியலாம்: மென்மையான மணல், ஒளிந்துகொள்ளும் இடம், தூய குளிர்ந்த நீர், தன் இனத்தின் துணை.

தொட்டியும் அதன் இடமும்

மேல்நீரில் நீந்தும் மீனுக்கு நீர்ப்பரப்பு எப்படியோ, அடிவாழ் மீனுக்குத் தரைப்பரப்பு அப்படி. ஆகவே உயரமான தொட்டியைவிட நீளமும் அகலமும் உடைய தொட்டியே சிறந்தது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி ஐந்து அல்லது ஆறு அயிரைகளுக்குப் போதும். இம்மூன்று அளவுகளையும் பெருக்கினால் 54,000 கன செ.மீ., அதாவது 54 லிட்டர் கொள்ளளவு கிடைக்கும். மணலுக்கும் மேல் இடைவெளிக்கும் கழித்தால் ஏறத்தாழ 45 லிட்டர் நீர் நிற்கும். நீர், மணல், கல், கண்ணாடி அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடை இருக்கும். எனவே ஆட்டம் இல்லாத உறுதியான மேசை வேண்டும். நிரப்பிய தொட்டியை நகர்த்துதல் கூடாது. இடத்தை முதலிலேயே தீர்மானித்தல் நன்று.

வெயில் நேரே விழும் சாளரத்தின் அருகிலும், அடுப்பின் அருகிலும் தொட்டியை வைத்தல் தகாது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை கோடையில் மிகவும் சூடாகும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் உட்சுவர் ஓரம் ஏற்றது. தொட்டிக்கு மூடியும் இன்றியமையாதது. அயிரை துள்ளும், சிறு இடுக்கின் வழியேயும் வெளியேறும். குழாயும் கம்பியும் நுழையும் இடைவெளிகளைக்கூட வலைத்துணியால் அடைக்க வேண்டும்.

மணலும் கல்லும்

தொட்டிக்குள் முதலில் வைக்க வேண்டியது கல். அதன் பின்னரே மணல். இவ்வரிசையை மாற்றுதல் ஆபத்தானது. மணலின் மீது கல்லை வைத்தால், அயிரை அதன் அடியைத் தோண்டும். தோண்டத் தோண்டக் கல் சரிந்து மீனை நசுக்கிவிடும். கற்களைத் தொட்டியின் அடிக்கண்ணாடியின் மேலேயே அசையாதவாறு மெல்ல அமர்த்திவிட்டு, அவற்றைச் சுற்றி மணலைப் பரப்பினால் இவ்விடர் நேராது.

மணலைத் தேர்வதில் கவனம் வேண்டும். ஆற்றுமணலின் மணிகள் நீரில் உருண்டு உருண்டு மழுங்கியவை. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டின் மணிகள் கூர்முனை உடையவை. அவை அயிரையின் மீசையையும் வயிற்றையும் கீறிப் புண்ணாக்கும். வண்ணம் பூசிய பெரிய கூழாங்கற்களும் பயன்படா. அவற்றுள் மீன் புதைய முடியாது, இடுக்குகளில் கழிவும் தேங்கும். எனவே சலித்த நுண்ணிய ஆற்றுமணலே ஏற்றது. அதனை வாளியில் இட்டு, மேலே நிற்கும் நீர் தெளியும் வரை பலமுறை அலச வேண்டும். 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் போதும்.

மணலிலும் கல்லிலும் சுண்ணாம்பு உள்ளதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அவற்றின் மேல் சிறிது வினிகரை விட வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு என்பது பொருள். அத்தகைய கல் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும்; அதனை விலக்குவது நலம்.

ஒளிந்துகொள்ள இடம் இல்லாத அயிரை அஞ்சி மெலியும். கொட்டாங்குச்சியின் ஓரத்தில் சிறு வாயில் வெட்டி, நன்கு வேகவைத்துக் கவிழ்த்து வைக்கலாம். முனை மழுங்கத் தேய்த்த மண்சட்டித் துண்டும் உதவும். வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகள் நிழல் தருவதோடு கழிவில் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

நீரும் காத்திருப்பும்

நகரக் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கப்படுகிறது. அது மீனின் செவுளையும் தாக்கும். குளோரினை நீக்கும் மருந்து மீன் கடைகளில் கிடைக்கும். அதன் உறையில் உள்ள அளவின்படி சேர்த்தல் வேண்டும். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியில் வரும் ஆர்.ஓ. நீர் மீனுக்கு மிக நல்லது எனச் சிலர் எண்ணுவர். அந்நீரில் இயற்கையான உப்புகள் பெரிதும் நீக்கப்பட்டுவிடுவதால், அதனை மட்டுமே தொட்டியில் நிரப்புதல் தகாது.

தொட்டியில் நீர் நிறைந்தவுடன் மீனை விட வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலே பல மீன்களின் உயிரைக் குடிக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. அது நஞ்சு. ஓடையில் ஓடும் நீர் அதனை அடித்துச் செல்லும். தொட்டியில் அது தேங்கும். ஆனால் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லக் குடியேறுகின்றன. அவற்றுள் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டு ஆக்கும். நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டு ஆக்கும். நைட்ரேட்டு சிறிதளவில் பெருந்தீங்கு செய்யாது. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றி அதனைக் குறைத்துவிடலாம்.

இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் வடிகட்டி இடைவிடாது இயங்க வேண்டும். நுண்ணுயிர்களுக்கு உணவாக, சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீனுணவை நீரில் இடலாம். நலமாக உள்ள வேறொரு தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காலம் குறையும். சோதனைப் பெட்டியால் நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி எனக் காட்டிய பின்னரே மீனை வாங்கச் செல்ல வேண்டும்.

அடிவாழ் மீனுக்கு இக்காத்திருப்பு இன்னும் இன்றியமையாதது. தொட்டியின் கழிவு அனைத்தும் கீழே இறங்கி மணலில் படிகிறது. பிற மீன்கள் அதற்கு மேலே நீந்திச் செல்லும். அயிரையோ அதன் மீதே படுத்து உறங்குகிறது. அதனுள்ளேயே மீசையை விட்டு இரை தேடுகிறது.

வடிகட்டிகளுள் பஞ்சு வடிகட்டி எளியது. காற்று பம்ப்பிலிருந்து வரும் குமிழிகள் மேலெழும்போது நீரைப் பஞ்சின் வழியே இழுக்கின்றன. நீரும் தூய்மையாகும், உயிர்வளியும் கலக்கும். பஞ்சு அழுக்கானால் குழாய்நீரில் கழுவக்கூடாது. குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை மெல்லப் பிழிந்து மீண்டும் பொருத்த வேண்டும்.

கோடையைக் கடத்தல்

ஒரு லிட்டர் நீர் 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே தாங்கும். நீர் சூடாகும்போது மீனின் உடலுக்கோ முன்னினும் மிகுதியான உயிர்வளி தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலை அது. எனவே நீர் 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பது நலம்.

வட இந்தியக் குளிர்காலத்தில் அறைக்குள் உள்ள நீர் குளிர்ந்தால் அயிரை சோம்பிக் கிடக்கும், குறைவாக உண்ணும். உணவைக் குறைத்தால் போதும். இடர் தருவது மே, ஜூன் மாதங்களே. அப்போது மண்பானையின் பாடத்தை நினைவுகொள்ள வேண்டும். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உடன் கொண்டு செல்கிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. தொட்டியின் திட மூடியை எடுத்து வலைமூடி இட்டு, நீரின் மேற்பரப்பில் படுமாறு ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இதே முறையில் நீர் சில டிகிரி குளிரும்.

இம்முறை எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் பயன் தராது. தில்லி, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களின் வறண்ட மே மாதக் காற்றில் நீர் விரைந்து ஆவியாகும், பயன் மிகுதி. மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களின் ஈரக்காற்றில் பயன் குறைவு. அத்தகைய நாள்களில், நீர் நிரப்பி உறையவைத்த மூடிய புட்டியைத் தொட்டியில் மிதக்கவிடலாம். பனிக்கட்டியை நேரே கொட்டுதல் கூடாது. திடீரெனக் குளிர்வது சூட்டைப் போலவே மீனை வருத்தும். சில மணி நேரத்தில் ஓரிரு டிகிரி குறைந்தால் போதும். மின்தடை நேரும் ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் காற்று பம்ப் ஒன்றைக் கையிருப்பில் வைப்பது மீனின் உயிரைக் காக்கும்.

மீன் வரும் நாள்

அயிரை கூட்டமாக வாழும் மீன். தனி மீன் எப்போதும் ஒளிந்தே கிடக்கும். ஐந்தாறு மீன்களாக வாங்குதல் நன்று. வளர்ப்பில் பிறந்த மீன் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது; ஓடையிலிருந்து பிடித்து வருதல் தகாது. வாங்கும்போது மீசை முழுமையாக உள்ளதா, வயிறு ஒட்டிப்போகாமல் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மீன் வந்த பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட வேண்டும். இரண்டு நீரின் வெப்பமும் ஒன்றான பின் பையைத் திறந்து, தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்க்க வேண்டும். பின்னர் மீன்களை ஒரு கிண்ணத்தால் முகந்து தொட்டியில் விடுதல் நலம். வலையால் பிடித்தால் கண்ணின் கீழுள்ள முள் வலையில் சிக்கி மீன் காயப்படும். அன்று விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் மீனே கண்ணில் படாமல் இருக்கலாம். அதற்காகக் கல்லைப் புரட்டித் தேடுதல் கூடாது.

மிதக்கும் உணவு அயிரையை எட்டாது. நீரில் மூழ்கும் சிறு குருணை உணவை மாலை மங்கும் நேரத்தில் இட வேண்டும். உலரவைத்த இரத்தப்புழுவையும், வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணியையும் இடையிடையே தரலாம். சோறும் ரொட்டியும் நீரைக் கெடுக்கும். சில நிமிடங்களில் தீரும் அளவே போதுமானது. வாரம் ஒருமுறை நீரில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 9 லிட்டரை, குழாயால் உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள புதுநீரைச் சேர்க்க வேண்டும். உறிஞ்சும்போது மணலின் மேற்படிந்த கழிவையும் அகற்றிவிடலாம்.

ஒரு மீன் எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. எல்லா மீன்களும் அடிக்கடி மேலே வந்தால் நீரில் உயிர்வளி குறைந்துள்ளது என்பது பொருள். மீசை தேய்ந்தால் மணல் கூரியது, அல்லது அழுக்கடைந்துள்ளது. இவ்வாறு தொட்டியின் நிலையை அயிரையே முதலில் அறிவிக்கும்.

ஆற்றில் விடலாகாது

வீடு மாறும்போதோ வளர்க்க இயலாதபோதோ மீனை ஆற்றில் விட்டுவிடுவது அருட்செயல் எனச் சிலர் கருதுவர். அதன் விளைவை மற்றோர் அடிவாழ் மீன் காட்டுகிறது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. கடையில் விரல் அளவில் இருக்கும் அது, ஓர் அடிக்கும் மேல் வளரும். பெரிதானபின் பலராலும் நீர்நிலைகளில் விடப்பட்டு, இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும், வங்காளத்தின் ஈரநிலங்களிலும், கங்கையிலும் காணப்படுகிறது. கவசம் போன்ற அதன் உடலை உண்ணும் உயிர்கள் அங்குக் குறைவு. உள்ளூர் மீன்களின் உணவும் இடமும் அதனால் பறிபோகின்றன. வளர்க்க இயலாதவர் மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவர்க்கோ கொடுத்தல் வேண்டும். மீனின் இடத்தைப் பேணுவது போலவே, பிற உயிர்களின் இடத்தைக் கெடாமல் காப்பதும் வளர்ப்பவரின் கடமை.

தொட்டியில் அயிரை தன் வாழ்வைத் தொடங்கிவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. மாலையில் சமமாகக் கிடந்த மணலில், காலையில் மெல்லிய கோடுகளும் சிறு குழிகளும் தென்படும். இரவில் அவை மணலைக் கிளறி இரை தேடியுள்ளன. ஊர் வேறாயினும், காலடியில் அறிந்த மணலும் அருகில் தன் இனமும் இருந்தால் அவ்வுயிர் அங்கும் வாழக் கற்றுக்கொள்கிறது.

அருஞ்சொற்பொருள்

அயிர் – நுண்மணல்
வழக்கு – மக்கள் பேச்சில் நிலைத்த தொடர்
உயிர்வளி – மூச்சுக்கு வேண்டிய காற்று, ஆக்சிஜன்
செவுள் – மீன் நீரில் மூச்சுவிட உதவும் உறுப்பு
இடர் – துன்பம்
சுழி – பூச்சியம்
முகந்து – அள்ளி எடுத்து
தகாது – செய்யக் கூடாது

பயிற்சி

1. அயிரை என்னும் பெயர் மணலை நினைவூட்டுவது எவ்வாறு?
2. கல்லை முதலிலும் மணலைப் பின்னரும் இட வேண்டுவது ஏன்?
3. தொட்டியில் மீனை விடுவதற்கு முன் சில வாரங்கள் காத்திருக்க வேண்டிய காரணத்தை விளக்குக.
4. விசிறியால் நீரைக் குளிர்விக்கும் முறை உங்கள் ஊரில் எந்த மாதங்களில் நன்கு பயன்படும்? காரணம் தருக.
5. 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு எத்தனை லிட்டர்?
6. பிரித்து எழுதுக: குழாய்நீரில், இவ்வரிசை, இஃது.
7. அயிரையையோ வேறு ஆற்றுமீனையோ உங்கள் குடும்பப் பெரியோர் தம் இளமையில் எங்கே கண்டனர் என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.